ஓய்வில் மயங்கும் கணினி

உழைத்துக் களைத்தவன் சோர்ந்து விழுவதை நாம் கண்டிருக்கிறோம். வயிறார உண்டு, வேலை யாதுமின்றித் திண்ணையிலே சாய்ந்திருப்பவன் திடீரென மூர்ச்சையுற்று விழுவானாயின் வீட்டார் திகைப்பர். பரியாரியாரும் நாடியை இருமுறை பிடித்துப் பார்ப்பார். மேசைக் கணினிகளைப் பீடிக்கும் கோளாறுகளிலே இத்தகைய விசித்திரமான ஒன்று உண்டு. மணிக்கணக்காகக் கனமான வேலை செய்யும்போது அசையாது நிற்கும் இயந்திரம், வேலை முடிந்து சும்மா இருக்கும்போது திரை கறுத்து நின்றுவிடும். குற்றம் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்ட் எனப்படும் வரைகலை அட்டையின் தலையிலேயே விழும். அது நியாயந்தானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

கோண்டாவிலிலே ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகன் கலியாண வீடுகளுக்கும் பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும் வீடியோப் படம் எடுத்து, வீட்டிலிருந்தே தொகுத்துக் கொடுப்பவன். தங்கை உயர்தரப் பரீட்சைக்குத் தகவல் தொழினுட்பத்தையும் ஒரு பாடமாகக் கற்பவள். கனடாவிலிருக்கும் மாமன் அனுப்பிய பணத்திலே வாங்கிய கணினி இருவருக்கும் பொது. இரவு முழுவதும் நான்கு மணிநேரப் படமொன்றை அது தொகுத்து முடிக்கும். ஒரு தடங்கலும் இராது. விடிந்தபின், பையன் தேநீர் குடிக்கச் சென்றிருக்கும் வேளையிலோ, தங்கை ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும் வேளையிலோ திரை கறுக்கும். சேமிக்காத வேலை போயிற்று. கடைக்காரரிடம் கொண்டுபோனால், "காட் பழுதாய்ப்போச்சு தம்பி, புதுசு போட்டால்தான் சரிவரும்" என்பார். புதிய அட்டைக்கு இலட்சத்துக்கு மேலே வேண்டும். அடுத்த கலியாண வீட்டாரோ படத்தைக் கேட்டுத் தொலைபேசியில் நெருக்குகிறார்கள்.

அவ்வேளையில் அடுக்களையிலிருந்து தாயார் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு: "ஏன் தம்பி, இரவிரவாய் வேலை செய்யேக்க நிக்காதது, சும்மா கிடக்கேக்க ஏன் நிக்குது?" இக் கோளாற்றைப் பற்றிக் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுதான். எரிந்துபோன அட்டை வேலையின்போதன்றோ முதலில் விழவேண்டும்?

சும்மா இருப்பது சும்மாவா?

கணினியை நாம் தொடாதிருக்கும்போது அது உறங்குகிறது என்று எண்ணுவது தவறு. சாதாரணத் திரையொன்றிலே குறுக்கே 1920, நெடுக்கே 1080 என ஏறக்குறைய 20 இலட்சம் ஒளிப்புள்ளிகள் இருக்கின்றன. செக்கனுக்கு 60 தடவை இவற்றை அட்டை புதிதாக அனுப்பியாக வேண்டும். அதாவது, திரையிலே ஒரு துரும்பும் அசையாதபோதுகூட, செக்கனொன்றுக்கு 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தை அது சொல்லிக்கொண்டேயிருக்கிறது. 144 தடவை புதுப்பிக்கும் திரையானால் கணக்கு இன்னும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும்.

இவ்வளவையும் செய்தபடியே மின்சாரத்தை மீதப்படுத்தவும் அதற்குக் கட்டளை உண்டு. முழு வேலையின்போது இற்றைநாள் அட்டைகளின் மையச் சில்லு 2000 மெகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட மீடிறனிலே துடிக்கும். வேலை ஓய்ந்ததும் என்விடியா நிறுவனத்தின் பல அட்டைகள் 210 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மீடிறன் குறைந்தால் குறைந்த வோல்ற்றளவு போதும். ஆகையால் ஏறக்குறைய ஒரு வோல்ற்றிலிருந்து 0.7 வோல்ற்றளவுக்கு அதுவும் இறங்கும். மாணவர்கள் இதிலே ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். சில்லினுள்ளே திரான்சிற்றர்கள் மாறிமாறித் துடிப்பதாற் செலவாகும் வலு, மீடிறனுக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் நேர் விகிதசமம். மீடிறன் பத்திலொன்றானது, 0.7இன் வர்க்கம் 0.49, அதாவது பாதி. இரண்டையும் பெருக்கினால் இருபதிலொரு பங்கு. 200 வாற்றிலே கொதித்துக்கொண்டிருந்த சில்லு பத்துப் பன்னிரண்டு வாற்றிலே அமர்ந்திருப்பதன் இரகசியம் இதுவே.

இறங்குவது எளிது, இறங்கிய இடத்திலே தடுமாறாமல் நிற்பதும், கூப்பிட்டவுடன் ஏறுவதுமே கடினம். சுட்டியைச் சிறிது அசைத்தாலும், ஓர் இணையப்பக்கத்தைத் திறந்தாலும் அட்டை ஒரு கணத்திலே மேலேறி மறுகணத்திலே கீழிறங்கும். ஒரு வோல்ற்றில் 200 வாற்று என்றால் 200 அம்பியர் மின்னோட்டம். நமது வீட்டுச் சுவரிலுள்ள செருகியோ 13 அம்பியருக்கு உரியது. சில அம்பியரிலிருந்து அந்த அளவுக்கு மின்னோட்டம் பாய்ந்தேறும்போது, வோல்ற்றளவு ஒரு நூலளவு சரிந்தாலும் சில்லு கணக்குப் பிழைவிடும். இரவெல்லாம் படந் தொகுக்கும்போது அது ஒரே உயரத்திலே நின்று உழைக்கிறது. பகலிற் சும்மா இருக்கும்போதோ நூற்றுக்கணக்கான தடவை படியேறி இறங்குகிறது. வழுக்கி விழுவது படியிலேதான்.

யாழ்ப்பாணத்தார்க்கு இது புதிய பாடமன்று. 1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டுக்கு மின்சாரமும் பெற்றோலும் வராதிருந்த காலத்திலே, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். சில துளி பெற்றோலை விட்டுக் காரை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியிலே ஓடும்போது அது புகையைக் கக்கிக்கொண்டு போய்ச்சேரும். சந்தியிலே நிறுத்தி இரண்டு வார்த்தை பேசத் தொடங்கினாலோ இயந்திரம் நின்றுவிடும். மண்ணெண்ணெய் ஆவியாவதற்குச் சூடு வேண்டும். சும்மா நிற்கும் இயந்திரத்திலே அந்தச் சூடு குறையும். அதைக் கண்டு இயந்திரம் பழுது என்று எவரும் புதிய கார் வாங்க ஓடவில்லை. (வாங்கத்தான் கார் எங்கே இருந்தது!) மெதுவோட்டத் திருகாணியைச் சற்றே திருப்பிவிட்டுப் பிரயாணத்தைத் தொடர்ந்தார்கள்.

நாடே ஓய்விலே விழுந்த நாள்

பெரிய உதாரணமொன்றும் நமது நாட்டிலேயே நிகழ்ந்தது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 மணி கடந்த வேளையிலே இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உப மின்நிலையத்திலே ஒரு குரங்கு மின்மாற்றியிற் பட்டதே காரணமென அமைச்சர் அறிவித்தார். உலகப் பத்திரிகைகளெல்லாம் அதைக் கேட்டுச் சிரித்தன. சிரிப்பினிடையே மறைந்துபோன விஷயம் வேறு. ஒரு குரங்கினால் ஓர் உப நிலையம் நிற்கலாம்; நாடே ஏன் நிற்கவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமையாதலால் தொழிற்சாலைகளும் காரியாலயங்களும் மூடியிருந்தன. மின்னின் தேவை குறைந்திருந்தது. வெயில் நன்றாக எறித்தமையாற் கூரைகளின் மேலுள்ள சூரியத் தகடுகள் பெரும் பங்கை வழங்கின. அதனால் நீராலும் நிலக்கரியாலும் சுழலும் கனத்த பொறிகள் சிலவே இணைப்பில் இருந்தன. அவற்றின் சடத்துவமே மின்வலையின் மீடிறனைத் திடீர் அதிர்ச்சியிலிருந்து காப்பது. அது குறைந்திருந்த வேளையிலே சிறு தடுமாற்றமும் பெருவீழ்ச்சியாயிற்று. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று பொறிகளும் நின்றமையால் பின்வந்த நாள்களிலும் சுழற்சிமுறை மின்வெட்டு வேண்டியிருந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, தேவை மிகக் குறைந்திருக்கும் என அஞ்சிய மின்சார சபை, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலிலே நிறுத்திவைக்கும்படி உரிமையாளர்களை வேண்டிக்கொண்டது. சுமை கூடினால் மட்டுமன்றிக் குறைந்தாலும் ஆபத்து என்பதை நாடு அன்று அறிந்தது. மேசைக்கடியிலே இருக்கும் பெட்டிக்கும் அதே விதிதான்.

குற்றவாளிகள் எத்தனை பேர்?

முதலாவது சந்தேகத்துக்குரியவர் ட்ரைவர் எனப்படும் மென்பொருள். நம்மவர் மோட்டார் வாகனத்துக்கு வழங்கும் சாரதி என்ற சொல்லே இதற்கும் பொருந்தும். எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்று அட்டையை ஓட்டுபவர் அவரே. நல்ல வண்டியை நடுவீதியில் நிறுத்தும் சாரதிகளை நாம் அறிவோம். 2019ஆம் ஆண்டு யூலையிலே ஏஎம்டி நிறுவனம் ரேடியன் ஆர்எக்ஸ் 5700 என்ற அட்டையை வெளியிட்டது. வாங்கிய பலர் திரை கறுக்கிறதென்று மாதக்கணக்காக முறையிட்டனர். 2020 பெப்ரவரியிலே வந்த புதிய சாரதி மென்பொருள் அக்குறைகளிற் பலவற்றை நீக்கியது. அதற்கிடையிலே அட்டையைப் பழுதென்று அரைவிலைக்கு விற்றவர்களும் இருந்திருப்பார்கள். 2025ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களிலே என்விடியாவின் புதிய அட்டைகளுக்கும் இதே கருந்திரைக் கண்டம் வந்து, அடுத்தடுத்த திருத்தங்களாற் தணிந்தது. அந்த ஏப்ரிலிலே வந்த ஒரு பதிப்பில், கணினி உறங்கி விழித்தபின் அட்டையின் வெப்பநிலையைக் காட்டும் கருவிகள் பழைய எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும் குறையும் இருந்தது; அந்த எண்ணை நம்பி விசிறியை ஓட்டுபவர் என்ன ஆவார் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆகவே, புதிய பதிப்பு எப்போதும் சிறந்தது என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். கோளாறு எந்நாளில் தொடங்கியது, அதற்கு முந்திய கிழமையிலே என்ன மாறியது என்று கேளுங்கள். மாறியது சாரதியாயின், பழையதை வேரோடு நீக்கிவிட்டு, முன்னர் நன்றாக ஓடிய பதிப்பை இடவேண்டும். மேலுக்குமேல் பூசிய சுண்ணாம்பு போல ஒன்றன்மேல் ஒன்றாக இட்ட பதிப்புகள் தாமே தொல்லை தரும். வேரோடு நீக்குவதற்கென்றே டிஸ்ப்ளே ட்ரைவர் அன்இன்ஸ்டோலர் என்னும் இலவச மென்பொருள் உண்டு.

இரண்டாமவர் அட்டைக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலுள்ள பாதை. பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் இப்பாதையும் ஓய்வு நேரத்திலே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னும் ஓய்வானால் அரைத்தூக்கத்துக்குப் போகும். எழும்பும்போது இரு முனைகளும் மீண்டும் கைகுலுக்கி உடன்பாட்டுக்கு வரவேண்டும். அட்டையின் செம்புத் தொடுகைகளிலே அழுக்கிருந்தாலோ, அழகுக்காக அட்டையை நிமிர்த்திவைக்க நீட்டுவடம் ஒன்றை மாட்டியிருந்தாலோ அந்தக் கைகுலுக்கல் தவறும். விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளிலே லிங்க் ஸ்டேட் பவர் மனேஜ்மென்ட் என்றொரு தெரிவு உண்டு. அதை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். காசு செலவில்லாத பரீட்சை இது. எனது கருத்தில் முதன்முதற் செய்யவேண்டியதும் இதுவே.

நமது சூழலின் பங்கும் இதிலே இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களிலே செம்மண் புழுதி வீட்டினுள் எங்கும் படியும். கரையோர ஊர்களிலே உப்புக்காற்று செம்பையும் பொன்முலாமையும் அரிக்கும். பெட்டியின் இளஞ்சூட்டை நாடிவரும் பல்லியையும் எறும்பையும் கணினி நூல்கள் சொல்வதில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் சொல்வார்கள். மின்செருகியைக் கழற்றி, அட்டையை எடுத்து, தொடுகைகளை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து மீண்டும் இறுக்கமாகப் பொருத்துவது பத்து நிமிட வேலை. அதன்பின் தொல்லையே வராதிருந்தால், அட்டையைக் கைவிட இருந்தவர் வீட்டிலே ஓர் இலட்சம் ரூபா மீதி.

மூன்றாவதாகத் திரைகள். திரையொன்று ஒரு படத்தை வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்கிடையே மிகச் சிறிய இடைவேளை உண்டு. அட்டையின் நினைவகம் வேகத்தை மாற்றிக்கொள்வது அந்த இடைவேளையிலேதான். வேறு நேரத்தில் மாற்றினால் படம் கலங்கும். செக்கனுக்கு 144 தடவை புதுப்பிக்கும் திரையிலே அந்த இடைவேளை குறுகிவிடும். ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு திரைகளை மாட்டினால் இரண்டின் இடைவேளையும் ஒரே கணத்தில் வாய்ப்பதே அரிது. ஆகவே, ஒரு திரையை மட்டும் 60இல் வைத்துச் சோதித்தால் பல மர்மங்கள் துலங்கும். திரை அணைந்து மீண்டும் எழும்போதுமட்டுமே கோளாறு வருமாயின், வடத்தை மாற்றிப் பாருங்கள்.

நான்காமவரை வீட்டுப் பிள்ளை என்றே சொல்லவேண்டும். சூட்டைக் குறைக்கவோ வேகத்தைக் கூட்டவோ விரும்பி, இளைஞர்கள் அட்டையின் வோல்ற்றளவு, மீடிறன் அட்டவணையிலே கைவைக்கிறார்கள். பிறகு கனமான விளையாட்டொன்றை மூன்று மணிநேரம் ஓட்டிப் பார்த்து, தேறிவிட்டது என்று மகிழ்கிறார்கள். அவர்கள் சோதித்தது அட்டவணையின் உச்சிப்படியை மாத்திரமே. முழு அட்டவணையும் நகர்ந்திருக்கிறது. கீழ்ப்படிகளும் இடைப்படிகளும் சோதிக்கப்படவில்லை. எல்லாவற்றையும் தொழிற்சாலை அளவுக்குத் திருப்பிவைப்பது இதற்கு மருந்து. தம்பிமாருக்கு இது பிடிக்காது.

அட்டையல்லாத கள்வர்

இனி, குற்றமற்ற அட்டை பழி சுமக்கும் சந்தர்ப்பங்களைப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் ஹஸ்வெல் என்ற நான்காந் தலைமுறைச் செயலிகளை வெளியிட்டபோது, மின்வழங்கிப் பெட்டி செய்வோரிடையே பெருங் கலக்கம் உண்டாயிற்று. ஆழ்ந்த ஓய்விலே அச்செயலி 12 வோல்ற்றுக் கம்பியிலிருந்து இழுக்கக்கூடிய மின்னோட்டம் 0.05 அம்பியர் மட்டுமே. முன்னைய கணக்கோ 0.5 அம்பியர். பத்திலொரு பங்கு சுமையிலே சில பழைய மின்வழங்கிகள் வோல்ற்றளவைச் சீராக வைத்திருக்க இயலாது தடுமாறின. சுமையில்லாத மாட்டுவண்டி மேடுபள்ளத்திலே துள்ளுவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

2017இலே ஏஎம்டியின் ரைசன் செயலிகள் வந்தபோதும் இதையொத்த முறைப்பாடு எழுந்தது. சிறப்பாக லினக்ஸ் பயன்படுத்தியோர், வேலையின்போது அசையாத கணினி ஓய்விலே உறைந்துபோகிறது என்றனர். பின்னர் தாய்ப்பலகைகளின் பயோஸ் அமைப்பிலே பவர் சப்ளை ஐடில் கொன்ட்ரோல் என்றொரு தெரிவு சேர்க்கப்பட்டது. அதை டிப்பிக்கல் கறன்ட் ஐடில் என்று மாற்றியதும் பலருக்குக் கோளாறு ஓய்ந்தது. அவர்களுள் எத்தனை பேர் முன்னமே வரைகலை அட்டையை மாற்றிச் செலவழித்தனரோ! நினைவகத் தட்டுகளை விற்பனைப் பெட்டியில் எழுதியிருக்கும் உயர்வேகத்தில் ஓட்டுவதாலும் இப்படி நேரும். சாதாரண வேகத்துக்கு இறக்கி, மெம்டெஸ்ட் கொண்டு ஓரிரவு சோதித்தால் உண்மை வெளிப்படும்.

யாழ்ப்பாணத்திலே எந்தக் கோளாற்றுக்கும் முதலிற் சொல்லப்படும் காரணம், "கரண்ட் சரியில்லை" என்பது. போர்க்காலத்திலே தேசிய மின்வலையிலிருந்து துண்டுண்டு, பின்னர் சுன்னாகத்து டீசல் பொறிகளை நம்பியிருந்த நாள்களின் நினைவு அப்படிப் பேசவைக்கிறது. 2022இலே நாளுக்குப் பல மணிநேரம் விளக்கணைந்த அனுபவமும் அண்மையது. ஆயினும் இக் கோளாற்றில் அந்தக் காரணத்தை நான் எளிதில் ஏற்கமாட்டேன். அயல்வளவிலே இறைப்பு இயந்திரம் முடுக்கப்படும்போது வீட்டு மின்னழுத்தம் ஒரு கணம் சரிவது உண்மை. அந்தக் கணத்தைக் கடக்க மின்வழங்கியினுள்ளே கொள்ளளவி ஒன்று இருக்கிறது. முழுச் சுமையிலும் அது சில மில்லிசெக்கனாவது தாக்குப்பிடிக்கவேண்டும் என்பது விதி. சுமை குறைந்தாலோ அதே சேமிப்பு இன்னும் நெடுநேரம் வரும். ஆகையால் சரிவுதான் காரணமென்றால் கணினி வேலையின்போதே முதலில் விழவேண்டும். வேலையில் நின்று ஓய்வில் விழுகிறதென்றால், சுவருக்கு அப்பாலுள்ளவர்மேல் பழிசொல்ல இடமில்லை.

புவித்தொடுப்பு மட்டும் விலக்கு. பழைய வீடுகள் சிலவற்றிலே மூன்றாம் ஊசிக்குப் பின்னாலே கம்பியே இராது. பெட்டியின் உலோகத்திலே கைவைத்தாற் சுள்ளென்று உறுத்துமாயின், கணினியை விட்டுவிட்டு முதலில் மின்வினைஞரை அழையுங்கள். அது அட்டையைப் பற்றிய விஷயமன்று, உயிரைப் பற்றியது.

சாட்சிகளை விசாரித்தல்

திரை கறுத்தவுடன் ஆளியை அழுத்தி நிறுத்திவிடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அது சாட்சியைக் கலைப்பதாகும். முதலிலே விசைப்பலகையின் கப்ஸ் லொக் விசையை அழுத்துங்கள். அதன் சிறுவிளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, கண்தான் போயிற்று. அப்போது விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிப்ட் விசைகளோடு பி விசையையும் ஒருங்கே அழுத்தினால் வரைகலைச் சாரதி மீண்டும் தொடங்கும். திரை திரும்பினால் சேமிக்காத வேலையும் தப்பும். விளக்கு அசையாவிட்டால் முழு இயந்திரமும் உறைந்துவிட்டது. அந்நிலையிலே செயலி, நினைவகம், மின்வழங்கி ஆகியவற்றையும் விசாரணைக்கு அழைக்கவேண்டும்.

அடுத்த சாட்சி விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு. விஸ்ரா பதிப்பின் காலந்தொட்டு, அட்டை இரண்டு செக்கனுக்குமேல் பதிலளியாதிருந்தால் விண்டோஸ் தானே அதன் சாரதியை மீளத் தொடங்க முயலும். முயற்சி பலித்தால் 4101 என்ற எண்ணுடன் பதிவு இருக்கும். பலியாவிட்டால் நீலத்திரையும் 116 என்ற குறியீடும் வரும். இவை இரண்டும் அட்டையையோ சாரதியையோ சுட்டும். கேர்ணல் பவர் 41 என்ற பதிவு மட்டும் இருந்தால் ஏமாந்துவிட வேண்டாம். முறைப்படி நிறுத்தாமற் கணினி நின்றது என்பதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. பிணத்தைக் கண்டவன் சாட்சியேயன்றிக் கொலையைக் கண்டவன் சாட்சியன்று. ஒவ்வொரு வீழ்ச்சியின் திகதி, நேரம், அப்போது என்ன திறந்திருந்தது என்பவற்றை ஒரு கொப்பியிலே எழுதிவருவது நல்லது. அதிகாலை இரண்டு மணியளவிலேயே விழுகிறதென்றால், விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளை வழக்கமாகத் தொடங்கும் நேரம் அது என்பது நினைவுக்கு வரவேண்டும்.

பின்னர் பரிகாரம். ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றவேண்டும். ஒரே மாலையில் ஐந்தை மாற்றி, கோளாறு நின்றுவிட்டால் எதனால் நின்றது என்று அறியமாட்டோம். மீண்டும் வந்தால் தொடங்கிய இடத்திலேயே நிற்போம். மாற்றியபின் எவ்வளவு காலம் பொறுப்பது? இங்கே மாணவர்கள் நிகழ்தகவைப் பயன்படுத்தலாம். சராசரியாக நாளுக்கு ஒருமுறை, காலநியதியின்றி விழும் கணினி, எந்தப் பரிகாரமும் செய்யாமலே ஒரு முழு நாள் விழாதிருப்பதற்கு நூற்றுக்கு 37 வாய்ப்பு உண்டு. ஆகையால் ஒரு நாள் விழவில்லை என்று துள்ளிக் குதிப்பது பேதைமை. மூன்று நாள் விழாதிருக்கும் வாய்ப்போ நூற்றுக்கு ஐந்துதான். அப்போது ஓரளவு நம்பலாம். மூன்று நாளுக்கொருமுறை விழுமாயின் ஒன்பது நாள் காத்திருக்கவேண்டும். இந்தப் பொறுமை இல்லாமையினாலேயே நல்ல பரிகாரங்கள் கைவிடப்பட்டு, தீய பரிகாரங்கள் புகழப்படுகின்றன.

செயலியோடு சேர்ந்த வரைகலை வசதி உள்ள கணினியாயின், அட்டையைக் கழற்றிவிட்டுத் திரையைத் தாய்ப்பலகையிலேயே மாட்டி ஓரிரு நாள் விடலாம். அப்போதும் விழுந்தால் அட்டை நிரபராதி. விழாவிட்டால், அட்டையை நண்பரொருவரின் கணினியிலே பொருத்தி அங்கும் சும்மா இருக்கவிட வேண்டும். இரு வீட்டிலும் விழுந்தால் மாத்திரமே அட்டைமீது தீர்ப்பு எழுதலாம். உத்தரவாத காலம் இருந்தால், அந்தக் கொப்பியையும், திரை கறுக்கும் தருணத்தைக் கைத்தொலைபேசியிலே எடுத்த காட்சியையும் கடைக்காரர்முன் வையுங்கள். கடையிலே அரைமணிநேரம் கனமான சோதனையை ஓட்டி, "ஒரு பிழையுமில்லை" என்று திருப்பித் தருவது வழக்கம். சும்மா விட்டுப் பார்க்கும்படி எழுத்திலே கேட்கவேண்டும்.

பழைய அட்டை வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை. எதேரியம் என்னும் நாணயத்தை அட்டைகளால் அகழ்ந்தெடுக்கும் முறை 2022 செப்டெம்பரிலே முடிவுற்றது. அதுவரை இரவுபகலாக உழைத்த அட்டைகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அகழ்வோர் மின்சாரத்தை மீதப்படுத்த அட்டையின் பயோஸையே மாற்றி, வோல்ற்றளவைக் குறைத்து வைப்பதுண்டு. மலிவாகக் கிடைத்த அத்தகைய அட்டை வீட்டிலே மயங்கி விழுமாயின், தொழிற்சாலைப் பயோஸை மீண்டும் பதித்தாற் தெளியக்கூடும். சில அட்டைகளின் விளிம்பிலே இரண்டு பயோஸ்களுக்கிடையே மாற்றும் சிறு ஆளியொன்றும் இருக்கும். அதைத் தள்ளிப் பார்க்கக் காசு வேண்டியதில்லை.

இறுதியாக, அட்டையை ஓய்வுக்கே போகவிடாமல் எப்போதும் உச்ச வேகத்திலே நிறுத்திவைக்கும் உபாயத்தைப் பலர் கைக்கொள்கின்றனர். கோளாறு நிற்கும் என்பது மெய். அதற்கும் விலை உண்டு. ஓய்விலே 30 வாற்று மேலதிகமாகச் செலவாகும் என்று கொண்டால், நாளுக்கு எட்டு மணிநேரத்துக்கு 240 வாற்று மணி. மாதத்துக்கு ஏழு அலகுக்குச் சற்று மேல். 60, 90 என்று படிப்படியாக ஏறும் நமது மின்கட்டணத்திலே, எல்லைக்கோட்டில் நிற்கும் வீட்டை அந்த ஏழு அலகும் மேற்படிக்குத் தள்ளிவிடக்கூடும். ஆகவே கலியாணப் படத்தைக் கொடுத்து முடிக்கும்வரை அவ்வாறு ஓட்டிவிட்டு, பிறகு ஆறுதலாகக் கொப்பியை விரித்து முதலிலிருந்து தொடங்கலாம்.